தலைமாட்டிலிருந்து பார்த்தால்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை நோயாளியைப் பார்க்க வார்டுக்குப் போவேன். பல் ஆடுகிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து எவ்வளவு மடங்குகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று என் கேள்விகள் முடிந்ததும், கட்டிலோரம் நிற்கும் உறவினர் தன் கேள்வியை எடுப்பார். "ரோபோல பண்ணலாமான்னு பெரிய டாக்டர் கேக்குறாரு. லேப்ராஸ்கோப்பியே போதுங்களா? நீங்க சொல்லுங்க."

அறுவை சிகிச்சை செய்யப்போகிறவரிடம் கேட்கத் தயங்கி, மயக்க மருந்து கொடுக்கிற என்னிடம் கேட்கிறார்கள். கேட்கட்டும். அவருக்கு இரண்டில் ஒன்றின் மேல் பிரியம் இருக்கும். எனக்கு எதன் மேலும் இல்லை. நோயாளியின் தலைமாட்டில், பச்சைத் துணித் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டு வகையையும் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அட்ரினல் சுரப்பி ஆபரேஷன்களில் அந்த இருக்கை கொஞ்சம் விசேஷமானது. மற்ற ஆபரேஷன்களில் அந்தப் பக்கம் நடப்பதை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் கட்டியைத் தொட்ட கணமே என் மானிட்டர் சொல்லிவிடும்.

பரமக்குடியிலிருந்து வந்திருந்த நெசவாளி ஒருவரின் மனைவி இன்னும் நேராகக் கேட்டார். "ரோபோன்னா பட்டனைத் தட்டிவிட்டுட்டு டாக்டர் வெளிய போயிருவாகளாமே, டாக்டரம்மா? அது பாட்டுக்கு அறுத்துக்கிட்டு இருக்குமாமே?"

அப்படிப்பட்ட ரோபோ எங்கள் தியேட்டரில் இல்லை. அதே அறையில் சில அடி தள்ளி ஒரு பெரிய பெட்டி இருக்கும். கன்சோல் என்போம். மருத்துவர் அதற்குள் முகத்தைப் பொருத்தி, விரல்களை வளையங்களில் நுழைத்து, காலால் பெடல்களை மிதித்து வேலை செய்வார். அவர் விரல் அசைந்தால்தான் நோயாளிமேல் கவிந்திருக்கும் இயந்திரக் கை அசையும். முகத்தைக் கன்சோலிலிருந்து எடுத்தால் கைகள் அப்படியே நின்றுவிடும். தானாக முடிவெடுத்து ஒரு நூலிழைகூட அது வெட்டாது. ரோபோ என்ற பெயர்தான் மக்களைப் பயமுறுத்துகிறது, இல்லாவிட்டால் மயக்குகிறது. உலகெங்கும் பரவலாக இருப்பது கலிஃபோர்னியாவின் இன்டியூட்டிவ் நிறுவனம் தயாரிக்கும் டா வின்சி. அமெரிக்க அரசின் அனுமதி அதற்கு 2000ஆம் ஆண்டு கிடைத்தது. இப்போது குருகிராமில் தயாராகும் மந்த்ரா போன்ற இந்திய இயந்திரங்களும் வந்துவிட்டன. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இல் ஏறக்குறைய 35 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோ மையம் திறந்தபிறகு, இது பணக்காரர்களின் விஷயம் என்ற பேச்சும் குறைந்திருக்கிறது.

இனி அந்தச் சுரப்பிக்கு வருவோம். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் ஒவ்வொன்று. எடை 4, 5 கிராம். வலப்பக்கத்தது முக்கோணம், இடப்பக்கத்தது பிறை. சுற்றியிருக்கும் வெளிர் கொழுப்புக்கு நடுவே பளிச்சென்ற மஞ்சளாகத் தெரிவதை வைத்துத்தான் மருத்துவர் அடையாளம் காண்பார். தெரிந்துவிட்டதே என்று இடுக்கியால் நேராகப் பிடித்தால் பிய்ந்து ரத்தம் கசியும். அதனால் அதைப் பிடிக்காமல், ஒட்டியிருக்கும் கொழுப்பைப் பிடித்துத் தள்ளித் தள்ளித்தான் பிரிப்பார்கள்.

இத்தனை சிறிய உறுப்பு செய்யும் வேலை பெரியது. வெளிப்படலம் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஆளும் ஆல்டோஸ்டிரோனையும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலையும் சுரக்கிறது. உள்பகுதி அட்ரினலின், நார்அட்ரினலின் சுரக்கிறது. எந்த அடுக்கில் கட்டி வருகிறதோ அதன் குணத்தில் நோய் வரும். ஆல்டோஸ்டிரோன் மிகுந்தால், 1955இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜெரோம் கான் விவரித்த நோய்: மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், பலருக்குப் பொட்டாசியம் குறைந்து கை கால் தளர்ச்சி. கார்ட்டிசால் மிகுந்தால் குஷிங் நோய்: முகம் வட்டமாக உப்பும், வயிற்றில் ஊதா வரிகள் ஓடும், தோல் காகிதம்போல மெலிந்துபோகும். குஷிங் நோயாளிக்கு நான் பிளாஸ்திரி ஒட்டினால் எடுக்கும்போது தோலும் கூட வருகிறது. ஊசி போட நரம்பு கிடைத்தாலும் உடனே ரத்தம் கட்டிவிடுகிறது. அட்ரினலின் மிகுந்தால் ஃபியோகுரோமோசைட்டோமா. பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், நாங்களே "ஃபியோ" என்றுதான் சொல்கிறோம். திடீர்த் தலைவலி, வேர்வைக் குளியல், நெஞ்சுப் படபடப்பு, கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பரமக்குடிக்காரருக்கு இருந்தது இதுதான். தறியில் உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனைந்துவிடுமாம். "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பியே காலம் போயிருந்தது.

அட்ரினல் அறுவை சிகிச்சையில் பெரிய தாண்டல் எப்போது நடந்தது என்றால், ரோபோ வந்தபோது இல்லை. 1992இல். கனடாவின் மான்ட்ரியலில் மிஷெல் காக்னேயும் சக மருத்துவர்களும் லேப்ராஸ்கோப்பியில் அட்ரினலை எடுத்ததாக அந்த ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு முன்னால் இந்த 5 கிராம் உறுப்பை எட்டுவதற்கு விலாவுக்குக் கீழே நீளமாகத் திறக்க வேண்டும். சிலருக்குக் கடைசி விலா எலும்பையே எடுப்பார்கள். சுரப்பி ஒளிந்திருக்கும் இடம் அப்படி. அந்தக் காலத்து நோயாளிக்கு நாங்கள் முதுகில் எபிடியூரல் குழாய் வைத்து நாள்கணக்கில் வலிமருந்து ஏற்றுவோம். இருமச் சொன்னால் கும்பிடுவார்கள். லேப்ராஸ்கோப்பி வந்ததும் அந்தக் குழாய்க்கே வேலை இல்லாமல் போனது. மறுநாள் காலையில் நோயாளி எழுந்து நடந்துவருவதைப் பார்த்து வார்டு நர்ஸ்கள் நம்பவில்லை. ஒரு பத்தாண்டுக்குள் புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கு உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. ரோபோவை ஒப்பிட வேண்டியது அந்தப் பெரிய வெட்டோடு அல்ல, ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருக்கும் லேப்ராஸ்கோப்பியோடு. விளம்பரங்களில் இந்த இடம் நழுவிவிடுகிறது. "சிறிய துளை, குறைந்த வலி, சீக்கிரம் வீடு" என்று ரோபோவின் பெயரில் எழுதியிருப்பதெல்லாம் லேப்ராஸ்கோப்பி 1992இலேயே கொடுத்துவிட்டது.

லேப்ராஸ்கோப்பியில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேசையை இடுப்பில் கொஞ்சம் மடக்கி, விலாவை ஒட்டி மூன்று நான்கு துளைகள் போடுவார்கள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். இடப்பக்கம் என்றால் மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் ஒட்டியிருக்கும் சவ்வை விடுவித்தால் போதும், இரண்டும் தம் கனத்திலேயே முன்பக்கம் சாய்ந்து வழிவிடும். வலப்பக்கம் என்றால் கல்லீரலை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவிகள் நேரான நீளக் கம்பிகள். கை வலப்பக்கம் போனால் உள்ளே நுனி இடப்பக்கம் போகும். கேமராவை ஓர் இளம் மருத்துவர் பிடித்திருப்பார். ஒரு மணி நேரம் ஆனால் அவர் கை நடுங்கும், படமும் நடுங்கும். பெரியவர் திட்டுவார். படம் இன்னும் நடுங்கும்.

ரோபோவில் இந்தத் திட்டு இல்லை. கேமராவை இயந்திரம் பிடித்திருக்கிறது, மருத்துவரே அதை நகர்த்துகிறார். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதால் ஆழம் தெரிகிறது. கருவியின் நுனி மணிக்கட்டுபோல எல்லாப் பக்கமும் திரும்பும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். குறையும் உண்டு. இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும் மாதிரிகளில் தொடு உணர்வு கிடையாது. எவ்வளவு அழுத்தி இழுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டும். தொட்டால் பிய்யும் ஓர் உறுப்புக்கு இது சின்ன விஷயமில்லை. தழும்பு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ரோபோவுக்கும் துளைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அதோடு கட்டியைத் துண்டாக்காமல் பையில் போட்டு முழுசாக வெளியே எடுக்க வேண்டும். அந்தத் துளையைக் கட்டியின் அளவுக்கு விரிக்கத்தான் வேண்டும், கருவி எதுவானாலும்.

என் பக்கத்திலிருந்து பார்த்தால் ரோபோவின் பெரிய தொல்லை, நோயாளி எனக்குக் கிடைக்காமல் போவது. இயந்திரக் கைகளைத் துளைகளில் பூட்டியபிறகு மேசையை நினைத்தபடி அசைக்கக் கூடாது. நோயாளியின் கைப்பக்கம் நான் போக முடியாதபடி உலோகக் கைகள் மறித்திருக்கும். அதனால் மணிக்கட்டுத் தமனியில் பிரஷர் பார்க்கும் ஊசி, கழுத்தில் பெரிய குழாய், நீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன்பே முடித்து, இரண்டு முறை சரிபார்த்துவிட வேண்டும். இதயம் நின்றால் எத்தனை நொடியில் கைகளைக் கழற்றி விலக்குவது, யார் எந்தக் கையைக் கழற்றுவது என்று தியேட்டர் ஆட்கள் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். நல்ல ரோபோ குழு எது என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இந்த ஒத்திகை நடந்ததா என்று கேட்பேன். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நம் ஊர் உறவினர் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து மார்ட்டின் வால்ஸ் 1990களில் வளர்த்தெடுத்த முறை. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகு வழியாக மூன்று துளைகளில் நேரே சுரப்பிக்குப் போவது. குடல், கல்லீரல் எதையும் தாண்ட வேண்டியதில்லை. முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆகி உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும், இரண்டு பக்கமும் எடுக்க வேண்டியவர்களுக்கும் வரப்பிரசாதம். 2006இலேயே அவர் 560 அறுவை சிகிச்சைகளின் அனுபவத்தை வெளியிட்டுவிட்டார். அத்தனையும் சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவிகளால். எனக்குத்தான் கொஞ்சம் கூடுதல் கவலை. குப்புறப் படுத்தவரின் மூச்சுக்குழாய் நழுவினால் மறுபடி போடுவது லேசில்லை. கண்மேல் அழுத்தம் படக் கூடாது. வாயு அழுத்தம் அதிகம் வைப்பதால் தோலுக்கடியில் காற்றேறி, தொட்டால் நறநறக்கும்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் 20 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்து 2004இல் வெளியிட்டார்கள். லேப்ராஸ்கோப்பிக்குச் சராசரி 115 நிமிடம், ரோபோவுக்கு 169. ரோபோவில் தொடங்கிய பத்தில் நான்கை லேப்ராஸ்கோப்பிக்கு மாற்றி முடிக்க வேண்டியிருந்தது. ஆரம்பகால இயந்திரம், பழகாத கைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸின் நான்சியில் 100 ரோபோ அட்ரினல் ஆபரேஷன்களைக் கவனித்தபோது, சுமார் 20க்குப் பிறகு கை பழகி நேரம் குறைந்தது. செலவு மட்டும் லேப்ராஸ்கோப்பியைப்போல 2.3 மடங்கு. அங்கே இன்னொன்றும் தெரிந்தது. கன்சோலில் இருப்பவரின் பழக்கம் மட்டுமன்றி, நோயாளிக்குப் பக்கத்தில் நின்று கருவி மாற்றிக் கொடுக்கும் உதவி மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பதும் நேரத்தைத் தீர்மானித்தது. அந்த உதவியாளரைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது.

2014இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து 600 நோயாளிகளின் விவரங்களை அலசினார்கள். நேரத்தில் வித்தியாசமில்லை. வேறு முறைக்கு மாற்ற வேண்டிவந்ததிலும் இல்லை. ரோபோவில் ரத்த இழப்பு சராசரி 18 மில்லிலிட்டர் குறைவு. இருமல் மருந்துக் கரண்டியில் நான்குகூடத் தேறாது. மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவு, 0.43 நாள், அதாவது பத்து மணி நேரம். நம் ஊரில் டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வருவதற்கே சில சமயம் அதற்குமேல் ஆகிவிடுகிறது.

ரோபோ பக்கம் தராசு சாய்ந்த ஆய்வும் இருக்கிறது. ஷாங்காயில் ஃபியோ நோயாளிகள் 140 பேரிடம் குலுக்கல் முறையில் செய்து 2020இல் வந்த முடிவுகளில் ரோபோவுக்கு நேரமும் குறைவு, ரத்த இழப்பும் குறைவு, செலவு கூடுதல். வருடத்துக்கு நிறைய ஃபியோ பார்க்கும் பெரிய மையம், பழகிய கைகள். அந்த முடிவை மாதத்துக்கு ஒரு ரோபோ கேஸ் நடக்கும் இடத்துக்கு அப்படியே தூக்கிவந்து ஒட்டக் கூடாது.

ரோபோவின் செலவு எங்கிருந்து ஏறுகிறது என்று நோயாளிகளுக்குத் தெரிவதில்லை. இயந்திரத்தின் விலை, ஆண்டுதோறும் பராமரிப்பு ஒப்பந்தம். அதற்குமேல் ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை முறைதான் என்று கணக்கு உண்டு. அது தீர்ந்தால், கருவி நன்றாக இருந்தாலும் இயந்திரம் அதை ஏற்காது. லேப்ராஸ்கோப்பியின் பல கருவிகளைக் கழுவிச் சுத்திகரித்து வருடக்கணக்கில் பயன்படுத்தலாம். அதனால்தான் தனியார் மருத்துவமனை பில்லில் ரோபோவுக்கென்று தனிக் கட்டணம் ஒன்று ஏறுகிறது. காப்பீடு வைத்திருப்பவர்கள், அந்தக் கட்டணத்தைத் தங்கள் பாலிசி முழுசாக ஏற்குமா, உச்சவரம்பு உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அப்படியானால் ரோபோ வீண் ஆடம்பரமா? அப்படிச் சொல்ல மாட்டேன். சில குடும்பங்களில் மரபணுக் கோளாறால் இரண்டு பக்கமும் ஃபியோ வரும். இரண்டு சுரப்பியையும் முழுசாக எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரையை நம்பித்தான் உயிர்வாழ வேண்டும். ஒரு வேளை மாத்திரை தப்பினாலோ, காய்ச்சலும் வாந்தியும் வந்தாலோ ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டியை மட்டும் செதுக்கி எடுத்து, நல்ல பகுதியை அதன் ரத்த ஓட்டத்தோடு விட்டுவைப்பது பெரிய உபகாரம். அந்தச் செதுக்கலுக்கு ரோபோவின் திரும்பும் மணிக்கட்டும் ஆழம் தெரியும் கண்ணும் உண்மையாகவே உதவுகின்றன. பச்சைச் சாயத்தைச் சிரையில் ஏற்றிச் சிறப்பு ஒளியில் பார்த்தால் சுரப்பியின் எல்லை மின்னும். நல்ல உடல் பருமன் உள்ளவர்கள், பெரிய ரத்தக் குழாயோடு ஒட்டிய கட்டி, இவற்றிலும் நான் ரோபோவுக்கு எதிராக வாய் திறக்க மாட்டேன். மருத்துவரின் கழுத்தும் தோளும் தப்பிப்பதும் ஒரு லாபம்தான். அதற்கான பணத்தை நோயாளி தர வேண்டுமா என்பது வேறு கேள்வி.

பரமக்குடிக்காரருக்கு வலப்பக்கம், 5 சென்டிமீட்டர் கட்டி. மருத்துவர் லேப்ராஸ்கோப்பி என்றார். அவர் கை அதில்தான் ஊறியது. எனக்கும் அது சம்மதம். என் கவலை முழுக்க அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் இருந்தது. ஃபியோவைத் தயார் செய்யாமல் மேசையில் ஏற்றினால், யார் எந்தக் கருவியால் செய்தாலும் நோயாளி மேசையிலேயே போகலாம். முதலில் ரத்தக் குழாய்களை இறுக்கத்திலிருந்து விடுவிக்கும் மாத்திரை. வெளிநாட்டுப் புத்தகங்கள் ஃபினாக்சிபென்சமீன் என்று எழுதும். இங்கே பெரும்பாலும் பிரசோசின். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கூடவே தண்ணீரும் உப்பும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். "பிரஷர்காரவுகளுக்கு உப்பு குடுக்கச் சொல்றீகளே" என்று அந்தம்மா சந்தேகமாகப் பார்த்தார். இறுகிக் கிடந்த குழாய்கள் விரியும்போது அதை நிரப்ப ரத்தத்தில் நீர் வேண்டும் என்று விளக்கினேன். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா மாத்திரை அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் பிரஷர் எகிறிவிடும். மாத்திரை போதுமான அளவு ஏறிவிட்டது என்பதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. பரமக்குடிக்காரர் ஒருநாள், "மூக்கடைப்பு தாங்கலைங்க, ராத்திரி தூக்கமே இல்லை" என்று குறைப்பட்டார். எனக்கு மகிழ்ச்சி. மூக்கின் ரத்தக் குழாய்கள் விரிந்துவிட்டன என்றால் உடம்பின் மற்ற குழாய்களும் தளர்ந்திருக்கும்.

ஆபரேஷன் நாளில் வயிற்றுக்குள் வாயு ஏறும்போதே பிரஷர் ஒருமுறை எழுந்தது. பிறகு கல்லீரலைத் தூக்கிக் கட்டியை நெருங்கினார். கருவி பட்டதும் 140இல் இருந்தது 230க்குப் போனது. "சார், கையை எடுங்க" என்றேன். எடுத்தார். இந்த ஒரு சொல்லுக்கு உடனே கட்டுப்படுகிற மருத்துவர் அமைவது இயந்திரத்தைவிடப் பெரிய விஷயம். நைட்ரோபுருசைடு சொட்டுகளை ஏற்றி இறக்கியதும் மறுபடி தொடங்கினார். பிறகு சிரைக்கு வந்தார். இடப்பக்கத்துச் சிரை கொஞ்சம் நீளம், சிறுநீரகச் சிரையில் போய்ச் சேரும். வலப்பக்கத்தது ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, உடம்பின் மிகப் பெரிய சிரையில் நேராகப் போய்ச் சேரும். அதைக் கிழித்துவிட்டால் ரத்தம் பொங்கும். தியேட்டரில் யாரும் பேசமாட்டார்கள். "கிளிப் போடுறேன்" என்று அவர் சொன்னதும் நான் இறக்கும் மருந்தை நிறுத்திவிட்டு ஏற்றும் மருந்தில் கை வைத்தேன். சிரை அடைபட்டால் அட்ரினலின் வரத்து நின்று பிரஷர் சரியும். சரிந்தது, பிடித்தோம். சர்க்கரையும் திடீரென்று இறங்கலாம் என்பதால் ஐ.சி.யு.விலும் விரலைக் குத்திக்கொண்டே இருந்தோம். ரோபோவாக இருந்திருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் இப்படித்தான் இருந்திருக்கும். அட்ரினலினுக்கு எந்தக் கருவி தொட்டது என்று தெரியாது.

கான் நோயில் கதை வேறு. ஆபரேஷன் சுலபம், கட்டி சின்னது. தவறு வேறு இடத்தில் நடக்கும். சி.டி. ஸ்கேனில் ஒரு பக்கம் கட்டி தெரிகிறது என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருப்பது மற்ற பக்கமாகவோ, இரண்டு பக்கமுமாகவோ இருக்கலாம். ஸ்கேனையும், அட்ரினல் சிரையிலிருந்தே ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரண்டும் ஒத்துப்போகவில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி இரண்டு அட்ரினல் சிரைகளிலும் ரத்தம் எடுக்க வேண்டும். அங்கேயும் வலப்பக்கத்துக் குட்டிச் சிரைதான் அகப்படாமல் பாடாய்ப் படுத்தும். இந்த வசதி உள்ள மருத்துவமனைகள் ரோபோ உள்ளவற்றைப்போல விளம்பரப் பலகை வைப்பதில்லை. சரியாகச் செய்தாலும் எல்லா மாத்திரையும் நின்றுவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. 12 மையங்களின் 705 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியானதில், 94 சதவீதம் பேருக்கு ஹார்மோன் சரியானது. மாத்திரையே இல்லாமல் பிரஷர் சரியானவர்கள் 37 சதவீதம். இன்னொரு 47 சதவீதம் பேருக்கு மாத்திரை குறைந்தது அல்லது பிரஷர் இறங்கியது.

இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தென்பட்ட கட்டி, 4 சென்டிமீட்டருக்குக் குறைவு, ஸ்கேனில் கொழுப்பு மிகுந்ததாகத் தெரிகிறது, ஹார்மோன் எதுவும் கூடவில்லை என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். அட்ரினல் புற்றுநோய் என்று பலமான சந்தேகம் இருந்தால், குறிப்பாகப் பக்கத்து உறுப்புகளில் பரவியிருந்தால், பழைய பெரிய வெட்டுதான் பாதுகாப்பு. கட்டி உடைந்து வயிற்றுக்குள் சிதறினால் வைத்தியம் கைமீறிப்போகும். நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இரண்டு அட்ரினலும் வீங்கியிருந்தால் காசநோயோ ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையோ காரணமாக இருக்கலாம். அதற்கு வேண்டியது மருந்து. 1855இல் லண்டனில் தாமஸ் அடிசன் இந்தச் சுரப்பியின் நோயை முதன்முதலில் விவரித்தபோதும் அவர் பார்த்தவற்றில் பல காசநோய்தான்.

"ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா?" என்று கேட்பவர்களிடம் நான் வேறொரு கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறேன். "வருசத்துக்கு நீங்க எத்தனை அட்ரினல் பண்றீங்க டாக்டர்?" இதைக் கேட்க நம் மக்களுக்கு நாக்கு எழாது, மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான அட்ரினல் ஆபரேஷன்களை ஆராய்ந்து 2018இல் வந்த கட்டுரை, ஆண்டுக்கு 6க்குக் குறையாமல் செய்கிறவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று எல்லை போட்டது. அங்கேயே பெரும்பாலான நோயாளிகள் அதற்கும் குறைவாகச் செய்தவர்களிடம்தான் போயிருந்தார்கள். தைராய்டும் பித்தப்பையும் தினமும் செய்கிற நல்ல மருத்துவர்கூட அட்ரினலை எப்போதாவதுதான் பார்ப்பார். நல்லவராக இருந்தால் கேட்டதற்குக் கோபப்பட மாட்டார், எண்ணைச் சொல்வார். எண் குறைவாக இருந்தால் தானே வேறோர் இடத்துக்கு எழுதிக் கொடுப்பார். எண்ணைச் சொல்லாமல் இயந்திரத்தின் பெருமையைச் சொன்னால், இரண்டாவது கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்மோன் மருத்துவர் ஒருவர் கேஸைப் பார்த்தாரா, ஃபியோ இல்லை என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள். ஃபியோ என்று தெரியாமலே வந்து சேர்கிற அட்ரினல் கட்டிதான் எங்கள் வகையினரின் கெட்ட கனவு.

ஆபரேஷன் முடிந்தபிறகு செய்ய வேண்டியவற்றில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். குஷிங் கட்டியை எடுத்தவருக்கு மறுபக்கச் சுரப்பி சோம்பிக் கிடக்கும். அது விழிக்க மாதங்கள் ஆகும். அதுவரை ஸ்டீராய்டு மாத்திரையை, "ஸ்டீராய்டு கெடுதல்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னதைக் கேட்டு நிறுத்தக் கூடாது. ஃபியோ எடுத்தவர் குறைந்தது பத்து வருடமாவது ஆண்டுக்கொருமுறை, ஃபியோவைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். அது திரும்பி வரலாம். மூவரில் ஒருவருக்காவது மரபணுக் காரணம் இருக்கும் என்பதால், அவருக்கு மரபணுச் சோதனை செய்து, கோளாறு தெரிந்தால் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். பரமக்குடிக்காரர் முதல் வருடம் வந்தார். பிரஷர் மாத்திரை ஒன்றுகூட இல்லை, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. இரண்டாம் வருடம் வரவில்லை. போன் பண்ணினால் அந்தம்மா எடுத்து, "அவுகதான் நல்லாருக்காகளே, எதுக்குங்க டாக்டரம்மா டெஸ்டு?" என்றார். தீபாவளிச் சேலை நெசவு முடியட்டும், மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.